ஆறு மணி நேரக் காவல்

கோயம்புத்தூர்
6 அக்டோபர் 2025

மோகனப்பிரியா,

நீ நலமா என்று கேட்பதற்காகத்தான் இந்தக் கடிதமே. அதனால் முதல் வரியிலேயே கேட்டு முடித்துவிடப் போவதில்லை. என் எண்ணை நீ தடுத்து வைத்து ஏழு மாதம் ஆகிறது. பரவாயில்லை. நான் இருக்கும் இந்த அறைக்குள் போன் கொண்டுவரவும் விட மாட்டார்கள். வாசலில் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். கையில் பேனாவும் அட்டையில் செருகிய காகிதமும்தான். அரை மணிக்கு ஒருமுறை மூன்று நிமிட வேலை. மற்ற நேரமெல்லாம் அரைத்தூக்கத்தில் மிதக்கிற மாதிரிதான்.

பீளமேட்டுக்குப் பின்னால் ஒரு பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்திருக்கிறேன். கொசு அண்டாமல் இருக்கப் பூசிக்கொள்கிற களிம்பும் எண்ணெயும் சொன்னபடி வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் தொழில். வெள்ளை வலைக் கூண்டு ஒன்று. உள்ளே இருநூறு பெண் கொசுக்கள். நோய்நொடி இல்லாமல் முட்டையிலிருந்து இங்கேயே வளர்ந்தவை. ரித்திகா என்று ஒரு பெண் கையில் மருந்தைப் பூசிக்கொண்டு, உள்ளங்கைக்கு உறை மாட்டி, முழங்கை வரை கூண்டுக்குள் விடுவாள். நான் கடிகாரம் பார்த்து எழுதுவேன். அறை எப்போதும் வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். இருநூறும் சேர்ந்து எழுப்புகிற சத்தம், தூரத்தில் எங்கோ விசைத்தறி ஓடுகிற மாதிரி. கேட்கக் கேட்கக் கண் சொக்கும். உட்கார்ந்தபடியே எத்தனையோ கனவு கண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் உன் தோட்டத்தில்தான் நடக்கின்றன.

போன வாரம் ரித்திகா லீவு. மேலாளர் கீதா மேடம் என்னைக் கூப்பிட்டார். "உஸ்மா, இன்னைக்கு ஒரு நாளைக்கு உங்க கையக் குடுங்க." எனக்குப் பெருமையாக இருந்தது. உங்கள் கட்டுத்தாரையில் மாடுகளுக்கு நடுவே ஆறு மணி நேரம் உட்கார்ந்த கை ஆயிற்றே. இங்கே ஒரு வழக்கம் உண்டு. மருந்து பூசுவதற்கு முன்னால் வெறும் கையைக் கூண்டுக்குள் விட வேண்டும். அரை நிமிடத்தில் பத்துக் கொசுவாவது வந்து உட்கார்ந்தால்தான் அந்தக் கை சோதனைக்குத் தேறும். ரித்திகா கைக்கு நாற்பது உட்காரும், எண்ணி மாளாது.

என் கைக்கு ஒன்று வந்தது, மோகனா. அதுவும் உட்கார்ந்துவிட்டுப் பறந்து போய்விட்டது.

இன்னொரு முறை விட்டேன். இரண்டு. மேடம் சிரித்தார். "கவலப்படாதீங்க, சிலரோட தோல் வாசனை அப்பிடிங்க. உங்க கையில தண்ணியப் பூசுனாக்கூட ஆறு மணி நேரம் நிக்கும்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது. நாம் இருவரும் காய்ச்சி விற்ற கொசு எண்ணெய்ப் புட்டியில் "ஆறு மணி நேரக் காவல்" என்று அச்சடித்திருக்கிறோமே, அந்த ஆறு எங்கிருந்து வந்தது? என் கையிலிருந்து. அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குப் பூசிக்கொண்டு உட்கார்ந்தேன், ஆறு மணி வரை ஒன்றும் கடிக்கவில்லை. பூசாத கையைக் கடிக்கிறதா என்று பார்க்கத் தோன்றவே இல்லை. படித்த இரண்டு பேர், ஒரு கல்லூரி பெஞ்சில் மூன்று வருடம் விலங்கியல் கேட்டவர்கள்!

கொசு கண்ணை மட்டும் நம்பி வருவதில்லை. தூரத்தில் இருக்கும்போது நாம் விடுகிற மூச்சைப் பிடித்துக்கொண்டு வருகிறது. கிட்டே வந்ததும் உடம்புச் சூடும் தோல் வாசனையும் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. பூசுகிற மருந்து அதைக் கொல்வதில்லை. அதன் உணர்கொம்புகளைக் குழப்பி, வந்த வழியை மறக்கடித்துவிடுகிறது. நம் வாசனையை மறைக்கிறதா, இல்லை அந்த வாடை பிடிக்காமல் கொசு விலகுகிறதா என்று மேடத்திடம் கேட்டேன். "ரெண்டும் இருக்கலாமுங்க. பெரிய ஆராய்ச்சிக்காரங்களே இன்னும் சண்ட போட்டுட்டுத்தான் இருக்காங்க" என்றார். நம் எண்ணெயில் இருக்கும் எலுமிச்சைப்புல் தைலமும் விரட்டும்தான். ஆனால் சீக்கிரம் ஆவியாகிவிடும். வாசனை ஊரையே தூக்குகிறதே என்று மகிழ்ந்தோம். வாசனை மூக்குக்கு வருகிறது என்றால் அது தோலை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கோட்டைமேட்டில் அத்தர் கடை வைத்திருக்கும் அப்துல் மஜீதின் மகளுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? அத்தாவிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

உன்னை ஈரோட்டில் ஜவுளிக்கடையில் பார்த்ததாக என் தங்கை இஸ்மத் சொன்னாள். "அஞ்சு மாசம் இருக்கும்க்கா" என்றாள். ஏழு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. அதைக் கேட்டு நான் சமையலறையில் நின்று அழுதேன். பிறகுதான் பயம் வந்தது. உங்கள் பக்கம் டெங்கு என்று பேப்பரில் போட்டிருக்கிறான். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மூச்சும் கூடும், உடம்பும் கொஞ்சம் சூடாகும், கொசுவும் அதிகம் தேடி வரும். உனக்கு நம் எண்ணெயைத் தவிர வேறு எதையும் தொடப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும்.

அதை நம்பாதே. தயவுசெய்து. என்மேல் உள்ள கோபத்தை அப்படியே வைத்துக்கொள், எண்ணெயை மட்டும் நம்பாதே.

உஸ்மா


தோட்டத்துச் சாளை, பெருந்துறை வழி
13 அக்டோபர் 2025

உஸ்மா அவர்களுக்கு,

கடிதம் வந்து சேர்ந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கும்போது என் மாமியார் பக்கத்தில் நின்றிருந்தார். "யாரு கண்ணு எழுதியிருக்கறது?" என்றார். "பேங்க்குலருந்துங்க அத்தை" என்றேன். பாவம், நஞ்சம்மாள் அத்தை நம்பிவிட்டார். இந்த வீட்டில் நான் சொன்ன பொய்களின் வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஏழு மாதம் கழித்து உனக்குக் கொசு ஞாபகம் வந்திருக்கிறது. என் ஞாபகம் வரவில்லை. மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, எண்ணெய் காய்ச்சுகிற கொட்டகையின் சாவியைக் கூரியரில் அனுப்பிவிட்டுப் போனவள் நீ. உறையைக் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு துண்டுச் சீட்டாவது இருக்காதா என்று. பாதி காய்ச்சிய எண்ணெய் அடுப்பில் இருந்தது. நான் போன் செய்தேன், பதினோரு தடவை. நீ எடுக்கவில்லை. பிறகுதான் தடுத்து வைத்தேன். யார் யாரைத் தடுத்தார்கள் என்பதை நேராகச் சொல்ல வேண்டும் அல்லவா?

இப்போது பெரிய கூடத்தில் வேலை. வெள்ளைக் கூண்டு, மேடம், கடிகாரம். நாம் செய்ததெல்லாம் விளையாட்டு. அப்படித்தானே? உன் கையைக் கொசுவுக்குப் பிடிக்கவில்லை என்றால் அது உன் கைக்கும் கொசுவுக்கும் உள்ள விவகாரம். நான் தினமும் காலையும் மதியமும் பூசிக்கொள்கிறேன். எனக்கு ஒரு கடி இல்லை.

நீ என்ன வாங்கச் சொல்லுவாய் என்று தெரியும். மருந்துக்கடையில் விற்கிற அந்த டீட் களிம்பு. அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்று படித்திருக்கிறேன். பிளாஸ்டிக்கைக் கரைப்பதை வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள் பூசிக்கொள்வாளா? எனக்குச் சோப்பு வாடையே குமட்டுகிறது. நம் எண்ணெயின் வாசனை ஒன்றுதான் ஒத்துக்கொள்கிறது.

எந்நேரமும் தூக்கமாக வருகிறது. உட்கார்ந்தால், சோற்றைப் பிசைந்தால், அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே. நேற்று மஞ்சள் காட்டில் மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் சாய்ந்தபடி தூங்கிப்போனேன். கனவில் வயல் முழுக்கத் தண்ணீர். அதற்குள் ஒரு சின்னக் குழந்தை அவசரமே இல்லாமல் நடந்து வருகிறது. தூக்கலாம் என்று குனிந்தால், அது என்னைத் தாண்டிப் பின்னால் யாரையோ பார்த்துச் சிரிக்கிறது. நீ கனவைப் பற்றி எழுதியிருந்தாய், அதனால் சொல்கிறேன். வேறு ஒன்றுமில்லை.

என்னிடம் சொல்ல உனக்கு நிறைய இருக்கிறது போலும். எனக்குக் கேட்க ஒன்றுதான். ஏன் போனாய்?

மோகனப்பிரியா கிருபாசங்கர்


கோயம்புத்தூர்
18 அக்டோபர் 2025

மோகனா,

முழுப் பெயரும் போட்டுக் கையெழுத்து. ரேஷன் கார்டு நகலையும் இணைத்திருக்கலாம்.

கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். அவிநாசியில் உன் நாத்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழா. நீ கூப்பிட்டாய் என்று பச்சைப் பட்டு உடுத்திக்கொண்டு வந்தேன். பந்தியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் ஒரு அம்மா, கழுத்து நிறைய நகையோடு, என்னைக் காட்டி உன்னிடம் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, இந்தப் புள்ள யாருங்க?" நீ இலையைப் பார்த்தபடி சொன்னாய்: "எங்ககிட்ட வேல பாக்கறவங்க."

அவ்வளவுதான். அடுத்த நாள் சாவியை அனுப்பினேன்.

கல்லூரியிலிருந்து ஒன்பது வருடம். வாரத்தில் மூன்று நாள், கோவையிலிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவள் நான். தோழி என்று சொல்ல வேண்டாம், என் பெயரைச் சொல்லியிருக்கலாம். உஸ்மா என்று சொல்ல அந்தப் பந்தியில் உனக்கு வெட்கமாக இருந்தது. எனக்கு அந்த வெட்கம் புரியாமல் இல்லை. புரிந்ததுதான் வலித்தது. சரி. எழுதியாயிற்று.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். டீட் பிளாஸ்டிக்கை இளக்கும், உண்மைதான். இங்கே என் பேனாவே பிசுபிசுத்துப் போயிற்று. மூக்குக்கண்ணாடிச் சட்டம், கடிகார வார், செயற்கை நூல் துணி, எல்லாவற்றையும் கெடுக்கும். ஆனால் தோல் பிளாஸ்டிக் இல்லை. மிகக் கொஞ்சம்தான் உள்ளே போகிறது, அதுவும் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. பல பத்து வருடங்களாகக் கோடிக்கணக்கான பேர் பூசி வருகிறார்கள். உறையில் சொன்னபடி பூசினால் கர்ப்பிணிகளுக்கும் ஆகும் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். நீ என்னை நம்ப வேண்டாம், உன் டாக்டரையே கேள். அந்த வாடை குமட்டினால் பிகாரிடின் என்று இன்னொன்று இருக்கிறது. வாடை குறைவு, பிளாஸ்டிக்கையும் தொடாது.

எதையானாலும் வெளியே தெரிகிற தோலில் மட்டும் மெல்லிதாகத் தடவு. துணிக்கு அடியில் வேண்டாம். புண்ணிலும் கண் வாய் பக்கத்திலும் கூடாது. வீட்டுக்குள் வந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிடு. டெங்குக் கொசு பகலில் கடிக்கிறது, காலையிலும் வெயில் சாய்கிற நேரத்திலும் அதிகம். மாலையில் மட்டும் பூசினால் போதும் என்று இருந்துவிடாதே. தொட்டித் தண்ணீரை வாரம் ஒருமுறை கவிழ்க்கச் சொல். பிள்ளை பிறந்தால் முதல் இரண்டு மாதம் எந்த மருந்தும் வேண்டாம், தொட்டிலுக்கு வலை போதும். நம் புட்டியில் "கைக்குழந்தைக்கும் ஏற்றது" என்று போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? யாரைக் கேட்டுப் போட்டோம்? செடியிலிருந்து வந்தது என்ற ஒரே தைரியம்.

என்னிடம் நம் புட்டி ஒன்று மிச்சம் இருந்தது. மேடத்திடம் கெஞ்சி, வேலை முடிந்த பிறகு ரித்திகா கையில் பூசினோம். முதல் முறை விட்டதும் கொசுக்கள் கையருகே வந்து, சுற்றி, வழி தெரியாமல் திரும்பின. எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. அரை மணி கழித்து மறுபடி விட்டாள். மூன்று வந்து உட்கார்ந்தன. நாலாவது கடித்தது. அரை மணி நேரம்கூட முழுதாக இல்லை, மோகனா.

உனக்கு ஒரு கடி இல்லை என்கிறாய். நீ பொய் சொல்ல மாட்டாய் என்று நினைத்தால் எனக்குக் கணக்கு இடிக்கிறது. ஒன்று செய். ஒரு கையில் எண்ணெய் பூசு, இன்னொரு கையை அப்படியே விடு. பத்து நிமிடம் கட்டுத்தாரைப் பக்கம் நில். இல்லை, வேண்டாம், நீ நிற்காதே. உன் வீட்டுக்காரரை நிற்கச் சொல். அவருக்கும் ஒரு வேலை ஆகட்டும்.

உஸ்மா


தோட்டத்துச் சாளை
27 அக்டோபர் 2025

உஸ்மா,

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டே ஐந்தாறு நாள் போய்விட்டது. அவிநாசிப் பந்தியை நீ எழுதியிருந்தது அப்படியே உண்மை. இலையைப் பார்த்தேன் என்றாயே, இலையில் என்ன இருந்தது என்று இன்னும் என்னால் சொல்ல முடியும். பாதி கடித்த தேங்காய்ப் பர்பி. நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரியாது. வெட்கம் என்று நினைத்திருக்கிறாய். வெட்கம் இல்லை. எழுத உட்காருகிறேன், வரவில்லை. சொல்லத்தான் வேண்டும். இன்னும் கொஞ்சம் தெளிந்த பிறகு.

இவரிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். சிப்காட் ஃபேக்டரியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றாமலேயே நின்றுகொண்டு படித்தார். "ஏம்மா, அந்தப் புள்ளைக்கு இருக்கற அக்கற நமக்கு இல்லாமப் போச்சே" என்றார். நீ போன பிறகும் நானே காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், இந்த வாரம் கடைகளுக்குப் புட்டி போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கையை நீட்டிக்கொண்டு தானே நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு இதில் ஒரே உற்சாகம்.

நான்கு நாளாக மழை. நேற்று துணி எடுக்கப் போய் நனைந்துவிட்டேன். கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி. உடம்பு லேசாகக் காய்கிறது. எல்லாம் பஞ்சுக்குள் நடப்பது மாதிரி இருக்கிறது. இந்த வரியை எழுதும்போதே பேனா எங்கோ தூரத்தில் போவதாகத் தெரிகிறது. மழை ஜுரம்தான். பயப்படாதே.

குழந்தை காலையில் உதைத்தது. உனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

மோகனா


பெருந்துறை, ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம்
1 நவம்பர் 2025

மோகனா,

உன் கடிதம் நேற்று மதியம் கிடைத்தது. "கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி" என்ற இடத்தில், அது டெங்குவின் அறிகுறி ஆயிற்றே என்று அதற்கு மேல் படிக்காமல் எழுந்தேன். உங்கள் வீட்டு எண்ணுக்கு அடித்தேன். உன் அத்தை எடுத்தார். "உஸ்மாங்களா? ஆஸ்பத்திரில சேத்திருக்கோமுங்க. டெங்குன்னு சொல்லிப்போட்டாங்க" என்று சொல்லிவிட்டு அழுதார். காலையில் முதல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

உன் அறைக்குள் ஒருவருக்கு மேல் விட மாட்டார்களாம். கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உன் வீட்டுக்காரர் மணிக்கு ஒருமுறை இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போகிறார். இரத்தத்தில் தட்டணு எண்ணிக்கை இறங்கியிருக்கிறது. பிள்ளையின் இதயம் நன்றாகத் துடிக்கிறது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார், எதற்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. உன் அத்தை டீ வாங்கிக் கொடுத்தார். "நேத்தே வந்திருக்கலாமில்ல கண்ணு?" என்று என்னைத் திட்டினார்.

நான் என்ன எழுதுவது? என் கையால் வந்த வினை இது. அந்த ஆறு என்ற எண்ணை நான்தான் சொன்னேன். நீ நோட்டில் எழுதினாய். எனக்குக் கொசு கடிக்காத தோலைக் கொடுத்த இறைவனிடம் இன்று காலை முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பிடுங்கி உனக்குக் கொடு என்று கேட்டேன்.

இதை உன் அத்தை மேலே கொண்டு வருவார். படிக்க முடியாவிட்டால் விட்டுவிடு. பதில் வேண்டாம். கண்ணைத் திற, போதும். நான் கீழேதான் இருக்கிறேன்.

உஸ்மா


தோட்டத்துச் சாளை
19 நவம்பர் 2025

உஸ்மா,

எழுந்து உட்கார்ந்து எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டேன். முடி கொத்தாக உதிர்கிறது, முட்டி வலிக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறேன். தட்டணு ஏறிவிட்டது. குழந்தை உதைக்கிறது. சாப்பிட்டவுடன் உதைக்கிறது, இவர் பாட்டுப் போட்டால் நிறுத்திவிடுகிறது. நல்ல ரசனை.

நீ மூன்று நாள் அந்தப் பெஞ்சில் இருந்தாயாம். நான் கண் திறந்ததும் கிளம்பிவிட்டாயாம். அந்த மூன்று நாளும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தன. வெளிச்சம் வரும், போகும். யாரோ கையைப் பிடித்துக் குத்துவார்கள். கட்டில் மெதுவாகத் தண்ணீரில் மிதந்து போகும். அந்த மிதப்பிலும் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இதை உனக்குச் சொல்லாமல் போய்விடக் கூடாது என்று.

உன் கையால் வந்த வினை என்று எழுதியிருந்தாய். இல்லை. நீ சொன்ன இரண்டு கைச் சோதனையை நாங்கள் செய்யவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை. அதன் பதில் இரண்டு வருடத்துக்கு மேலாக எனக்குத் தெரியும்.

முதல் நாள் கட்டுத்தாரையில் நீ கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். நானும் அதே எண்ணெயைத்தான் பூசியிருந்தேன், உனக்கு நினைவில்லை. அரை மணி கூட ஆகவில்லை, என் முழங்கையில் ஒன்று கடித்தது. பிறகு கழுத்தில். பிறகு காலில் வரிசையாக. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டேன். நீ "இன்னும் ஒண்ணுகூடக் கடிக்கலடி!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாய். நான் நோட்டில் எழுதினேன்: ஆறு மணி நேரம், ஒரு கடி இல்லை. எழுதும்போது மணிக்கட்டு அரித்துக்கொண்டிருந்தது.

உனக்கு நிற்கிற எண்ணெய் எனக்கு நிற்கவில்லை என்றால் குறை என் உடம்பில்தான் என்று நினைத்தேன். ஏழு வருடம் குழந்தை இல்லாதபோதும் வந்தவர் போனவர் எல்லாம் அதைத்தான் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் பழகிவிட்டது. அன்றிலிருந்து முழுக்கை ரவிக்கைதான் போட்டேன். எனக்கு ஒரு கடி இல்லை என்று போன மாதம் எழுதினேனே, அன்று கையில் ஏழு தடிப்பு இருந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் அந்தப் புட்டிகள் எந்த வீட்டுக்கும் போயிருக்காது. எந்த வீட்டிலாவது எந்தப் பிள்ளைக்காவது ஏதாவது ஆகியிருக்குமோ என்று இனி ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பேன். இவர் கடை கடையாகப் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டு வருகிறார். வாங்கிப் போனவர்களுக்கும் சொல்லச் சொல்லியிருக்கிறோம்.

ஆனால் உடம்பில் குறை என்று நினைத்தது மட்டும் காரணம் இல்லை. இன்னொன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இந்த வீட்டுக்கு நீ எதற்கு வந்தாய்? திங்கள், புதன், சனி. எண்ணெய் காய்ச்ச வந்தாய். கல்யாணமாகி வந்த வீட்டுக்கு, தோட்டத்து நடுவில் இருக்கும் இந்தச் சாளைக்கு, கோட்டைமேட்டிலிருந்து ஒரு தோழி வாரம் மூன்று நாள் சும்மா வந்து போக முடியாது. யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். "ஏனுங்க, எதுக்குங்க வராங்க?" என்று மட்டும் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். வேலை என்று சொன்னால் கேட்க மாட்டார்கள். பந்தியில் அந்த அம்மா கேட்டபோது என் வாயில் தானாக வந்தது, அந்த ஒரு பதிலைத்தான் ஒன்றரை வருடமாக எல்லோருக்கும் சொல்லி உன்னை வரவழைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னதால்தான் உன்னை இழந்தேன்.

எண்ணெய் பொய் என்று ஆகிவிட்டால் நீ வர ஒரு காரணமும் இருக்காதே என்று பயந்தேன், உஸ்மா. அதற்காகத்தான் கடிபட்டுக்கொண்டு வாயை மூடியிருந்தேன். நீ போன பிறகும் தினமும் பூசிக்கொண்டேன். அந்த வாசனை வந்தால் நீ கொட்டகையில் இருக்கிற மாதிரி இருக்கும். அதற்காக என் பிள்ளையைப் பணயம் வைத்தேன். என்னை எப்படிப் பேசுவாயோ பேசு.

டாக்டரைக் கேட்டு நீ சொன்ன பிகாரிடின் வாங்கிப் பூசுகிறேன். நேற்று நாலு மணிக்குப் பூசிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். ஒரு கொசு வந்தது. கைக்கு மேலே கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு எதற்கு வந்தோம் என்று மறந்த மாதிரி போய்விட்டது.

இருபத்தேழாம் தேதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்கேன். அத்தையிடம் சொல்லிவிட்டேன், உஸ்மா வருகிறாள் என்று. "எதுக்கு கண்ணு?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். எண்ணெய் இல்லை, கொட்டகை இல்லை, உனக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை.

சும்மா வா.

மோகனா